எலாஸ்மோசாரஸ்: வால் நுனியில் தலை போனது எப்படி? பிளீசியோசார் முள்ளெலும்பைப் படிக்கும் முறை

கரைமணல்:

எலாஸ்மோசாரஸ் என்பது பிளீசியோசார் வகை, அதாவது துடுப்புகளால் நீந்திய, அழிந்துபோன கடல் ஊர்வன. அதன் எலும்புக்கூட்டில் கோப் தலையை வால் நுனியில் பொருத்திய கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு காணொளி பாக்கியில்லாமல் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஏன் அப்படி நேர்ந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் உடற்கூறியலில் சாதாரண ஆள் இல்லையே, எந்த எலும்பு அவரை ஏமாற்றியது?

இன்னொரு கேள்வி. தனி முள்ளெலும்பு ஒன்று மேசைமேல் இருக்கிறது என்று வையுங்கள். அது கழுத்தா, முதுகா, வாலா, அதில் எந்த முகம் முன்பக்கம் என்பதை எந்த வரிசையில் பார்த்து முடிவு செய்வீர்கள்?

செவ்ரான்:

முதலில் அந்த எலும்புக்கூடு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கான்சாஸின் மேற்குப் பகுதியில் ஃபோர்ட் வாலஸ் என்ற ராணுவ முகாம். அங்கே மருத்துவராக இருந்த தியோஃபிலஸ் டர்னர் 1867ல் எலும்புகளைக் கண்டார். ரயில்பாதை அளவெடுப்புக் குழுவோடு வந்த ஜான் லெகாண்ட்டிடம் மூன்று முள்ளெலும்புகளைக் கொடுத்தார். அவை பிலடெல்பியாவில் கோப்பின் கைக்குப் போயின. மிச்சத்தையும் அனுப்பச் சொல்லி கோப் எழுத, டர்னர் அந்த டிசம்பரிலேயே ஆட்களைச் சேர்த்துத் தோண்டினார். 1868 மார்ச்சில் பெட்டிகள் பிலடெல்பியா வந்து சேர்ந்தன. அதே மாதமே இயற்கை அறிவியல் அகாதெமிக் கூட்டத்தில் எலாஸ்மோசாரஸ் பிளாட்டியூரஸ் என்று கோப் அறிவித்துவிட்டார்.

கவனிக்க வேண்டியது: எலும்புகள் மண்ணில் கிடந்த கிடையை கோப் பார்க்கவே இல்லை. ஒரு மருத்துவர் தோண்டி எடுத்ததைத்தான் அவர் மேசைமேல் கோத்தார். இன்று கட்டம் போட்டு, ஒவ்வோர் எலும்புக்கும் எண் எழுதி, படம் எடுத்த பிறகுதான் தூக்குகிறோம். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் இந்த இழையே இருக்காது.

மேலும் அந்த எலும்புக்கூட்டில் துடுப்புகள் இல்லை. தலையிலும் முகவாயின் முன்பகுதி உள்ளிட்ட சில துண்டுகள்தான். முன்துடுப்பு எங்கே, பின்துடுப்பு எங்கே என்று பார்த்துத் திசை சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. தோள் வளையமும் இடுப்பு வளையமும் இருந்தன, ஆனால் பிளீசியோசார்களில் இரண்டுமே வயிற்றுப்பக்கம் படிந்த அகலமான தட்டுகள். முழுசாகப் பார்த்தால் வேறுபாடு தெரியும், உடைந்த துண்டுகளில் குழப்பம் வரும். அந்த வளையங்களும் இப்போது இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் அருங்காட்சியகத்துக்கு விலங்கு உருவங்கள் செய்துகொண்டிருந்த வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸிடம் கொடுத்திருந்ததாகவும், 1871ல் அவர் பட்டறை அடித்து நொறுக்கப்பட்டபோது அழிந்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள்.

நீள்கழுத்து:

கோப்பை ஏமாற்றியது விலா ஒட்டுமிடம் என்பதுதான் என் கணிப்பு. முழு விஷயமும் அதில் அடங்கியிருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிளீசியோசார் முள்ளெலும்பில் இரண்டு பாகம். கீழே உருளை வடிவச் சென்ட்ரம், மேலே தண்டுவடத்தை மூடும் நரம்பு வளைவு. விலா எலும்பு இவற்றில் எதில் ஒட்டுகிறது என்பதை வைத்துத்தான் உடற்பகுதி சொல்கிறோம்.

கழுத்தில் விலா ஒட்டுமிடம் முழுக்கச் சென்ட்ரத்தில் இருக்கும். தோள் அருகே அது மேலேறிப் பாதி சென்ட்ரம், பாதி வளைவு என்று பங்கு போட்டுக்கொள்ளும். இவற்றைத் தோள்பட்டை முள்ளெலும்பு என்று தனியாக எண்ணுவது வழக்கம். முதுகில் ஒட்டுமிடம் முழுக்க வளைவின் பக்கக் கொம்பு நுனிக்குப் போய்விடும், சென்ட்ரத்தின் பக்கம் வழவழவென்று இருக்கும். இடுப்பில் மறுபடி இறங்கிப் பங்கு. வாலில் திரும்பவும் முழுக்கச் சென்ட்ரத்துக்கு வந்துவிடும்.

அதாவது கழுத்தும் வாலும் ஒரே மாதிரி. இரண்டிலும் சென்ட்ரத்தின் பக்கத்தில் விலா. இரண்டுமே உடலிலிருந்து விலக விலகச் சிறுத்துக்கொண்டே போகும். நடுவில் இருக்கும் முதுகுப் பகுதியை மட்டும் சரியாக வைத்துவிட்டு, இரு பக்கமும் நீளமானது எது, குட்டையானது எது என்று பார்த்தால், பல்லியையும் முதலையையும் பார்த்துப் பழகிய கண் நீளமானதை வால் என்றுதான் சொல்லும்.

கரைமணல்:

அப்படியென்றால் வாலையும் கழுத்தையும் பிரிக்க என்னதான் வழி, சார்?

செவ்ரான்:

மூன்று இடம் பாருங்கள்.

சென்ட்ரத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் முதலில். பிளீசியோசார் முள்ளெலும்பில் அங்கே பெரும்பாலும் இரத்தக்குழாய்த் துளைகள் இரண்டு ஜோடியாக இருக்கும். இது பிளீசியோசார் என்பதற்கான அடையாளமே தவிர கழுத்து வால் பிரிக்காது. பிரிப்பது விளிம்பு. வாலில் அடிவிளிம்பில், பெரும்பாலும் பின்விளிம்பில், இரண்டு சின்ன ஒட்டுமிடங்கள் தெரியும். வாலுக்கு அடியில் இருக்கும் செவ்ரான் என்ற சிறு எலும்பு தொங்கும் இடம் அது. கழுத்தில் செவ்ரான் கிடையாது. தேய்ந்த எலும்பில் இந்த விளிம்புதான் முதலில் உதிரும். அதனால் ஒட்டுமிடம் காணோம் என்பதை மட்டும் வைத்துக் கழுத்து என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது முகத்தின் வடிவம். எலாஸ்மோசாரிட் வகைகளின் (எலாஸ்மோசாரஸ் குடும்பத்தின்) கழுத்தில் நடுப்பகுதி முள்ளெலும்புகளுக்கு முகத்தின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். அதனால் முகம் கிடைமட்டமாக வைத்த டம்பெல் போலத் தெரியும். பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு வரம்பும் ஓடும். வாலில் இரண்டும் இல்லை.

கடைசியாக அளவு. நீளம், உயரம், அகலம் மூன்றையும் காலிப்பரால் மில்லிமீட்டரில் எடுங்கள். நீளத்தை அடிப்பக்க நடுக்கோட்டில், உயரத்தையும் அகலத்தையும் பின்முகத்தில். உயரம், அகலம் இரண்டின் சராசரியால் நீளத்தை வகுத்து நூறால் பெருக்குங்கள். நீளம் 120, உயரம் 85, அகலம் 110 என்றால் சராசரி 97.5, குறியீடு 123. நூறைத் தாண்டினால் வாலாக இருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் வாலில் நீளம் மற்ற இரண்டையும் விடக் குறைவாகவே இருக்கும். நூறுக்குக் கீழே இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. எலாஸ்மோசாரிட் கழுத்திலேயே தலையருகிலும் தோளருகிலும் இருப்பவை குட்டை, நடுவில்தான் நீளம் உச்சம்.

பாறைத்தூசி:

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கு. களிப்பாறையில் கிடந்த எலும்பு மேலேயிருந்து நசுங்கியிருக்கும். செவ்ரான் சார் சொன்ன அதே எலும்பு உயரம் 85லேர்ந்து 60க்கு நசுங்கிப் போச்சுன்னு வைங்க, அகலம் அப்படியே 110. சராசரி 85 ஆயிடும், குறியீடு 141. நீண்ட கழுத்து இனம்னு புதுப் பெயரே வைக்கலாம்! நசுங்கினதை எப்படித் தெரிஞ்சிக்கிறதுன்னா, தண்டுவடக் குழாயைப் பாருங்க. வட்டமா இருக்கவேண்டியது கோடாப் போயிருந்தா அந்த அளவுகளைக் கணக்குல சேர்க்காதீங்க. பக்கத்துல இருக்குற நாலஞ்சு முள்ளெலும்பையும் அளந்து, வரிசையா ஏறி இறங்குதான்னு பார்க்கணும். ஒண்ணு மட்டும் குதிச்சா அது நசுங்கல்தான்.

வடகடல்:

திசை பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. கரைமணல் கேட்டதில் அதுதான் முக்கியமான பாதி.

நரம்பு வளைவின் இரு முனையிலும் ஜோடியாக இணைமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முன் இணைமுனையின் தட்டைப் பரப்பு மேலே, உள்நோக்கிப் பார்க்கும். பின் இணைமுனையின் பரப்பு கீழே, வெளிநோக்கிப் பார்க்கும். முன்னால் உள்ள முள்ளெலும்பின் பின் இணைமுனை, அடுத்ததன் முன் இணைமுனை மேல் ஏறி உட்காரும். ஆகவே எலும்பை நேராக நிறுத்தி மேலேயிருந்து பாருங்கள். எந்தப் பக்கத்து இணைப்புப் பரப்பு கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் முன். முதுகெலும்பு உள்ள விலங்குகளில் மீனை விட்டுவிட்டால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். ஆட்டுக் கழுத்தெலும்பில்கூடச் சோதிக்கலாம்.

மேல்முள் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்னோக்கிச் சாய்வது வழக்கம் என்றாலும் நசுங்கலில் முதலில் வளைவது அதுதான்.

வளைவே கழன்று சென்ட்ரம் மட்டும் கிடைத்தால் இந்த வழி இல்லை. குட்டிகளில் வளைவும் சென்ட்ரமும் ஒட்டியிருக்காது, இறந்த பிறகு தனித்தனியாக உதிரும். ஒட்டாததைக் குட்டி என்று கொள்ளும் வழக்கம் பிரவுன் 1981ல் எழுதியதிலிருந்து பரவியது. அப்படிப்பட்ட சென்ட்ரத்துக்கு உடற்பகுதி சொல்லலாம். முன்பின் சொல்லாமல் விடுவதே நேர்மை.

நீள்கழுத்து:

வடகடல் அக்கா சொன்ன இணைமுனை விதி கோப்புக்கும் தெரியும். அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அவர் அடுக்கிய வரிசையில் இணைமுனைகள் தலைகீழாக வந்தன. அதைப் பார்த்து வரிசையைத் திருப்பவில்லை. இந்த விலங்குக்கே இணைப்பு தலைகீழ் என்று முடிவுகட்டி, ஸ்ட்ரெப்டோசாரியா என்று ஒரு புது விலங்குப் பிரிவையே (ஆர்டர்) உருவாக்கிவிட்டார்!

செவ்ரான்:

அதனால்தான் கோப்புக்கு நான் அவ்வளவு சலுகை தரமாட்டேன். விலா ஒட்டுமிடம் ஏமாற்றியது, சரி. ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட எலும்புகள் ஒன்றுவிடாமல் நீங்கள் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லும்போது, ஒரு விலங்கின் உடலமைப்பை மாற்றுவதைவிட மேசையைத் திருப்புவது சுலபம். 1823ல் புதைபடிவம் சேகரித்த மேரி ஆனிங் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸில் எடுத்த பிளீசியோசாரஸ் முழு எலும்புக்கூட்டை 1824லேயே நிலவியலாளர் கோனிபியர் லண்டனில் விளக்கிவிட்டார். சின்னத் தலை, நீண்ட கழுத்து, குட்டை வால் என்பது அச்சில் வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நீள்கழுத்து:

அந்த 1823 எலும்புக்கூட்டையே பிரெஞ்சு உடற்கூறியலாளர் குவியே நம்ப மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். கழுத்தில் அத்தனை முள்ளெலும்பு இருக்க முடியாது, இரண்டு விலங்கை ஒட்டியிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டவர் அவர். எலாஸ்மோசாரஸ் கழுத்து அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எண்ணிக்கை. 1868ல் அப்படி ஒரு கழுத்தை யாரும் பார்த்ததில்லை. மேலும் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஜோசப் லெய்டியே 1851ல் சிமோலியாசாரஸ் என்ற இன்னொரு பிளீசியோசாரின் முள்ளெலும்புகளைத் தலைகீழ் வரிசையில்தான் விளக்கியிருந்தார். தன்னை வழிதவறச் செய்தது அதுதான் என்று கோப் பின்னால் சொன்னார். சாக்கு என்றே வைத்துக்கொண்டாலும் பொய்யில்லை.

செவ்ரான்:

சாக்குதான். ஆனால் லெய்டி பற்றிச் சொன்னது சரி.

திருத்தம் வந்த விதத்தையும் பதிவுசெய்துவிடுகிறேன், இதிலும் நிறையப் புனைவு சேர்ந்துவிட்டது. பதிவில் இருப்பது இவ்வளவு: 1870 மார்ச்சில் லெய்டி அதே அகாதெமியில் வரிசை தலைகீழ் என்று காட்டினார். கோப் தன் எலாஸ்மோசாரஸ் கட்டுரையின் 1869 தேதியிட்ட முன்அச்சுப் பிரதிகளைத் திரும்பப் பெற முயன்று, திருத்திய பதிப்பை வெளியிட்டார். தானே முதலில் சுட்டிக்காட்டியதாக கோப்பின் போட்டியாளரான புதைபடிவ ஆய்வாளர் மார்ஷ் சொன்னது 1890ல், நியூயார்க் ஹெரால்ட் நாளேட்டில் இருவரும் அடித்துக்கொண்டபோது. இருபது ஆண்டு கழித்து எதிரி சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

காரைக்களிமண்:

அரியலூர், பெரம்பலூர் பக்கம் காரைக் களிமண் படிவங்களில் கடல் ஊர்வன முள்ளெலும்பு கிடைக்கிறதே, இந்த முறையெல்லாம் அதற்கும் பொருந்துமா?

வடகடல்:

அங்கே கிடைப்பது இக்தியோசார், டால்பின் வடிவக் கடல் ஊர்வன. ஆங்கிலேய ஆய்வாளர் லைடெக்கர் 1879ல் இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தது, காரைக் களிமண் அடங்கிய உத்தட்டூர் படிவத்து முள்ளெலும்புகளை வைத்துத்தான். இப்போது அதைப் பிளாட்டிடெரிஜியஸ் பேரினத்தோடு சேர்த்து எழுதுகிறார்கள். அதே படிவத்தில் சுறாப் பற்களும் உண்டு.

முள்ளெலும்பில் குழப்பமே வராது. இக்தியோசார் சென்ட்ரம் கேரம் ஸ்ட்ரைக்கர் போலத் தட்டை, இரண்டு முகமும் நடுவில் ஆழமாகக் குழிந்திருக்கும். பிளீசியோசாருடையது ஏறக்குறையத் தட்டை முகம், லேசான குழிவு மட்டும். மொசாசார் என்ற கடல் பல்லி வகை என்றால் முன்முகம் குழி, பின்முகம் பந்து, கையில் எடுத்த உடனே தெரியும். பெரிய மீன் முள்ளெலும்புதான் இக்தியோசாரோடு குழம்பும். மீனில் இரு குழிகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும்.

இக்தியோசாரில் விலா ஒட்டுமிட விதியும் வேறு. அங்கே நரம்பு வளைவு சென்ட்ரத்தோடு ஒட்டுவதே இல்லை, எல்லா ஒட்டுமிடங்களும் சென்ட்ரத்தில்தான். முன்பகுதியில் பக்கத்துக்கு இரண்டு குமிழ், வாலில் ஒன்று.

ஒரு வேண்டுகோள். அங்கே பார்த்தால் பிடுங்காதீர்கள். அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ் புள்ளி, எந்த அடுக்கில் இருந்து வெளியே வந்தது என்ற குறிப்பு, இவ்வளவும் எடுத்து வாரணவாசி அருங்காட்சியகத்திலோ ஏதாவது நிலவியல் துறையிலோ சொல்லுங்கள். இடம் தெரியாத எலும்புக்கு மதிப்பு பாதிகூட இல்லை.

பாறைத்தூசி:

களிப்பாறை எலும்புன்னா சுத்தம் செய்யறதுலயும் ஒரு தொல்லை உண்டு. எலாஸ்மோசாரஸ் வந்த பியர் ஷேல் மாதிரி கருப்புக் களிப்பாறைல பைரைட் (இரும்புச் சல்பைடு) இருக்கும். காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல போனா அது ஆக்ஸிஜனேறி இரும்புச் சல்பேட்டும் கந்தக அமிலமும் ஆகும். வெளுத்த மஞ்சள் தூள், கந்தக வாடை, அப்புறம் வெடிப்பு. உள்ளேயிருந்து பருத்து எலும்பையே பிளந்துடும்.

அதனால தண்ணி வச்சுக் கழுவாதீங்க, தண்ணி கலந்த வெள்ளைப் பசையும் வேண்டாம். உலர்ந்த நிலையில ஏர் ஸ்க்ரைப்பால (காத்தழுத்தத்துல ஓடுற உளி) பாறையைத் தட்டி எடுத்து, கடைசிப் படலத்தை சோடியம் பைகார்பனேட் தூள் அடிச்சு எடுக்கணும். வலுவூட்ட பாராலாய்டு பி-72ங்கிற அக்ரிலிக் பிசின், அசிட்டோன்ல 5 சதவீதம், பல தடவை மெல்லிசா. முதல் பூச்சையே கெட்டியாப் போட்டா மேல தோல் கட்டிக்கும், உள்ள எறங்காது. உடைஞ்சதை ஒட்ட அதே பி-72 ஐம்பது சதவீதம். அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில ஈரப்பதம் 45க்குக் கீழ. ஏற்கனவே தூள் பூத்திருந்தா அம்மோனியா ஆவியில அமிலத்தை நடுநிலையாக்கிட்டுத்தான் மத்ததெல்லாம். அதுக்குப் புகைபோக்கி வசதி கட்டாயம்.

அசிட்டிக் அமிலத்துல ஊறப்போடலாமான்னு கேப்பாங்க. அது சுண்ணாம்புக்கல்லுக்கு. களிப்பாறை கரையாது, எலும்புக்குத்தான் கேடு.

கரைமணல்:

அருமை. கழுத்து பற்றிக் கடைசியாக ஒன்று. அன்னம் மாதிரி கழுத்தைத் தூக்கி வளைத்து நீந்தும் படங்கள் எந்த அளவுக்கு உண்மை? முள்ளெலும்பு 72 என்கிறார்கள், சில நூல்களில் 76 என்று இருக்கிறது.

வடகடல்:

72 என்பது எலாஸ்மோசாரஸ், கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளான அட்லஸ், ஆக்ஸிஸ் இரண்டையும் சேர்த்து ஸ்வென் சாக்ஸ் 2005ல் எண்ணியது. 76 என்பது ஆல்பர்டோனெக்டஸ் என்ற இன்னொரு எலாஸ்மோசாரிட், கனடாவின் பேர்பா படிவத்திலிருந்து 2012ல் பெயரிடப்பட்டது. அதன் மொத்த நீளம் சுமார் 11.2 மீட்டர், கழுத்து மட்டும் 7 மீட்டர் அளவில். எலாஸ்மோசாரஸுக்கு மொத்தம் சுமார் 10.3 மீட்டர் என்பது இப்போதைய மதிப்பீடு.

அன்னம் படம் தப்பு. 72 எலும்புக்கு 71 மூட்டு. ஒவ்வொன்றிலும் 2 பாகை வளைந்தாலே மொத்தம் 142 பாகை, ஆகவே கழுத்து விறைத்த கம்பு இல்லை. ஸாமிட், டேனியல்ஸ், கீயர் மூவரும் 2008ல் ஓர் எலாஸ்மோசாரிட் கழுத்தைக் கணக்கிட்டபோது கீழ்நோக்கி 75 முதல் 177 பாகை, மேல்நோக்கி 87 முதல் 155, பக்கவாட்டில் 94 முதல் 176 என்று வந்தது. அன்னம் போல எஸ் வளைவு வர 360 பாகைக்கு மேல் வேண்டும்.

இந்த எண்களுக்கு இடையே வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிசு என்றால் குருத்தெலும்பு. சென்ட்ரங்களுக்கு நடுவே அது எத்தனை மில்லிமீட்டர் இருந்தது என்று புதைபடிவம் சொல்லாது. மூட்டுக்கு 1 பாகை தவறினால் மொத்தத்தில் 71 பாகை தவறு. இதனால்தான் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும் கட்டுரையை நான் சந்தேகத்தோடு படிப்பேன்.

எலும்பு வளைந்தாலும் தண்ணீருக்கு மேலே தூக்க முடியாது என்பது வேறு கணக்கு. 7 மீட்டர் கழுத்தைக் காற்றில் உயர்த்தினால் மிதப்பு விசை போய்விடும், தாங்க அடியில் தரை இல்லை. கழுத்து மேலே போவதற்குப் பதில் உடலின் முன்பாகம் கீழே அமிழும்.

நீள்கழுத்து:

உந்துவிசை முழுக்கத் துடுப்பிலிருந்துதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மஸ்கட் என்ற ஆய்வாளரின் குழு 2017ல் இயந்திர மாதிரித் துடுப்புகளை நீரில் அசைத்துச் சோதித்தது. முன்துடுப்பு கிளப்பிய சுழலுக்குள் பின்துடுப்பு சரியான நேரத்தில் அடித்தால் பின்துடுப்பின் உந்துவிசை 60 சதவீதம் வரை, திறன் 40 சதவீதம் வரை கூடியது. நேரம் தவறினால் அந்த லாபம் போய்விடும்.

செவ்ரான்:

எண்ணிக்கை மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கழுத்து எங்கே முடிகிறது என்பதே எண்ணுபவரைப் பொறுத்தது. விலா ஒட்டுமிடம் முழுக்கச் சென்ட்ரத்தில் இருக்கும் கடைசி எலும்புவரை கழுத்து என்று ஒருவர் எடுப்பார். பங்கு போடும் தோள்பட்டை எலும்புகளையும் சேர்த்து எண்ணுவார் இன்னொருவர். அதிலேயே இரண்டு மூன்று வித்தியாசம் வரும். முதிர்ந்த விலங்கில் வளைவும் சென்ட்ரமும் ஒட்டிய கோடே மறைந்துவிடும், அப்போது ஒட்டுமிடம் கோட்டுக்கு மேலா கீழா என்று தேட வேண்டும். அட்லஸ், ஆக்ஸிஸ் இரண்டும் ஒட்டி ஒன்றானதை ஒன்றாக எண்ணுபவரும் உண்டு, இரண்டாக எண்ணுபவரும் உண்டு. இரண்டு கட்டுரையின் எண்களை ஒப்பிடும் முன் இரண்டிலும் செய்முறைப் பத்தியைத் திறந்து, எந்த எலும்பில் நிறுத்தினார்கள் என்று பாருங்கள்.